1975 எம்ஜிபிக்கு ஒரு முன் ஸ்வே பார்: 7/8 அங்குல கிட்டை வாங்கி மாட்டிய கதை

எம்ஜிபி ஒரு பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். ஸ்வே பார், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் உருக்குத் தண்டு. அவசரத்தில் இருப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார் நல்ல பார். அதைப் பிடித்துக்கொள்ளும் மெத்து வளையமான புஷ் பரவாயில்லை. கூட வந்த போல்ட்டுகள் குப்பை. வழிமுறைத் தாள் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த நான்கிலும் ஒரு பங்கு, 1975 எம்ஜிபி தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த லட்சணத்துக்குப் போய்ச் சேர வேண்டியது. அப்படி வந்த வண்டியில் எதை மாட்டினாலும் முன்னேற்றமாகத்தான் தெரியும்.

தெரிந்தே ஏன் 1975-ஐ வாங்கினாய் என்று கேட்பவர்கள் கலிபோர்னியாவில் வண்டி வைத்திருக்காதவர்கள். இந்த மாநிலத்தில் 1975-ம் அதற்கு முந்தையதுமான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனை கிடையாது. 1976 என்று பதிவாகியிருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போய் நிற்க வேண்டும். ஐம்பது வருடப் பழைய இங்கிலாந்து என்ஜினை அந்தச் சோதனையில் தேற்றுவது தனி வேலை, தனிச் செலவு. குரோம் பம்பர் வைத்த அழகான பழைய எம்ஜிபிகள் விலையில் எட்டவில்லை. மிஞ்சியது கறுப்பு ரப்பர் பம்பர் வைத்த 1975. யாரும் ஆசைப்படாத வருடம், அதனால் என் பட்ஜெட்டுக்குள் வந்த வருடம்.

ஏன் ஆசைப்படுவதில்லை என்பதில்தான் இந்த விமர்சனத்தின் விஷயமே இருக்கிறது. எம்ஜிபி 1962-ல் வந்தது, இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்த வண்டி. தாழ்வாக, தரையோடு ஒட்டி ஓடுவதுதான் அதன் குணம். எழுபதுகளில் அமெரிக்கா பம்பர் பற்றிப் புது விதிகள் கொண்டுவந்தது. அப்போது எம்ஜிபியைச் செய்துகொண்டிருந்த பிரிட்டிஷ் லேலண்ட் யோசித்து வண்டியை மறுபடி வரையவில்லை. பெரிய ரப்பர் பம்பரை ஒட்டி, சரியான உயரத்துக்கு வரட்டும் என்று மொத்த வண்டியையும் ஒரு அங்குலத்துக்கு மேல் தூக்கிவிட்டார்கள். உயரம் கூடினால் வளைவில் சாய்வும் கூடும், இது யாருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து, செலவைக் குறைக்கிறோம் என்று 1975 மாடலில் முன் ஸ்வே பாரையும் எடுத்துவிட்டார்கள். வேண்டுமென்றால் தனிக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். 1977-ல் சஸ்பென்ஷனைத் திருத்தி, பின்னாலும் ஒரு பார் வைத்து வெளியே விட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள்.

என் வண்டிக்கு முதல் சொந்தக்காரர் அந்தத் தனிக் காசைக் கொடுக்கவில்லை. வளைவில் அது தேர் மாதிரி சாயும். வேகமாகப் போனால்தான் என்று இல்லை. ஃப்ரீமான்ட் பக்கத்து நைல்ஸ் கேன்யன் சாலையில், சட்டம் அனுமதித்த வேகத்தில், ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முதலில் உடம்பு சாயும், கொஞ்சம் யோசிக்கும், அப்புறம்தான் திரும்பும். போதாததற்குப் பின் ஆக்சில் லீஃப் ஸ்பிரிங்கில் (பட்டை வில்) கட்டியது. உடல் சாயும்போது அந்த ஆக்சிலும் தன் பங்குக்கு லேசாகத் திரும்பிக்கொள்ளும். திருப்பத்தின் நடுவில் பின்பக்கம் வேறொருவர் ஓட்டுகிறாரோ என்று தோன்றும்.

ஸ்வே பார் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் கையேடுகளிலும் சில கடைகளிலும் இதை ஆன்டி-ரோல் பார் என்று போட்டிருப்பார்கள், தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள். வளைத்த ஓர் உருக்குத் தண்டு. நடுப்பகுதி இரண்டு புஷ்களில் சேசிஸோடு பிடித்திருக்கும். இரு முனைகளும் லிங்க் என்ற சிறு இணைப்புத் துண்டு வழியாக இடது, வலது கீழ் விஷ்போன்களோடு, அதாவது சக்கரத்தைத் தாங்கும் கைகளோடு, சேரும். இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே வந்தால் பார் புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், ஒரு வேலையும் செய்யாது. ஒன்று ஏறி இன்னொன்று இறங்கினால்தான், அதாவது வண்டி சாய்ந்தால்தான், தண்டு முறுகும். அந்த முறுக்கத்தின் எதிர்ப்பு சாய்வைத் தடுக்கும். கடினமான ஸ்பிரிங் போட்டாலும் சாய்வு குறையும், ஆனால் நேர் ரோட்டிலும் முதுகு உடையும். பாரில் அந்தத் தண்டனை இல்லை, அல்லது பெரும்பாலும் இல்லை. அந்தப் "பெரும்பாலும்" பற்றிப் பிறகு வருகிறேன்.

எவ்வளவு தடிமன் வாங்குவது என்பதில்தான் பலர் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டுகிறார்கள். முறுக்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். பழைய ரோட்ஸ்டர்களில் (திறந்த எம்ஜிபிகளில்) இருந்தது 9/16 அங்குலம், கூரை மூடிய ஜிடியில் 5/8. காகிதத்தில் பார்த்தால் அற்ப வித்தியாசம். கணக்குப் போட்டால் 5/8 பார், 9/16-ஐவிட ஒன்றரை மடங்கு விறைப்பு. 3/4 அங்குலம் மூன்று மடங்குக்குச் சற்று மேல். நான் வாங்கிய 7/8 அங்குலம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. பாரின் இரு முனைக் கைகளின் நீளமும் வளைவும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்குதான் இது, ஆனாலும் போக்கு புரியும். அதற்கும் மேலே ஒரு அங்குல பார் விற்கிறார்கள். அதை வாங்குபவர்கள் ரேஸ் டிராக்குக்குப் போகிறவர்களாக இருக்க வேண்டும், அல்லது பெரியது என்றால் நல்லது என்று நம்புபவர்களாக இருக்க வேண்டும்.

என் வண்டி உயரமான வண்டி, பின்னால் பார் இல்லாத வண்டி, வார இறுதியில் மலைச் சாலைக்குப் போகும் வண்டி. 3/4-க்கும் 7/8-க்கும் இடையில் நிறைய நாள் ஊசலாடிவிட்டு 7/8 என்று முடிவு செய்தேன். என்ஜினைப் பற்றிய கவலை ஒரு பக்கம் இல்லவே இல்லை. 1975-ல் அமெரிக்காவுக்கு வந்த எம்ஜிபியில் இரட்டை எஸ்யூ கார்புரேட்டரைப் பிடுங்கிவிட்டு ஒற்றை ஸ்ட்ராம்பர்க் வைத்தார்கள், குதிரைத்திறன் அறுபதுகளில்தான் நிற்கும். (இந்த 1798 சிசி என்ஜின் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பம். நம் அம்பாசடரில் இருந்த 1489 சிசி இதே குடும்பத்தின் தம்பி. பானெட்டைத் திறந்து நின்றால் கோயம்புத்தூர் டாக்சி ஸ்டாண்டு நினைவு வருவது எனக்கு மட்டும்தானா தெரியவில்லை.) அந்தச் சக்தியை வைத்துக்கொண்டு இந்த வண்டியில் எதையும் கவிழ்க்க முடியாது. வேகத்தைச் சேர்ப்பதைவிட, இருக்கும் வேகத்தை வளைவில் இழக்காமல் இருப்பதுதான் இதில் சாத்தியமான சந்தோஷம்.

சரி, பெட்டிக்கு வருவோம். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் குறைகளும் சொல்ல இருக்கிறேன். பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடைகள் இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன, அதில் ஒன்று. பெட்டிக்குள் பவுடர் கோட்டிங் அடித்த கறுப்பு பார், டி வடிவத்தில் இரண்டு பாலியூரிதேன் புஷ், அதற்கு மேல் போடும் பட்டைகள், பார் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் இரண்டு ஸ்டாப், ஒரு சின்னப் பையில் போல்ட்டுகள், சிறு பொட்டலம் கிரீஸ். லிங்க் இல்லை. லிங்க் இல்லாமல் இந்த பாரை எதில் மாட்டுவது என்று கடைக்காரர்கள் யோசித்தார்களா தெரியாது. படத்தில் லிங்க்கோடு காட்டியிருந்தார்கள், கீழே பொடி எழுத்தில் தனியாக வாங்கவும் என்று போட்டிருந்தார்கள். வாங்குபவர்கள் அந்த விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஏற்கெனவே பார் இருந்த வண்டியில் தடிமனை மட்டும் கூட்டுகிறவர்களுக்கு இது பிரச்சினை இல்லை. 1975 வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்குத்தான் இந்த அடி.

நான் மெஷின் ஷாப்பில் தர ஆய்வு பார்க்கிறவன். பொருள் கைக்கு வந்தால் காலிப்பர் தானாக வெளியே வரும். பார் பெயின்ட்டோடு 22.4 மில்லிமீட்டர், 7/8 அங்குலம் என்பது 22.2. நல்ல அளவு. வளைவுகளில் நெளிவோ சுருக்கமோ இல்லை. தரையில் வைத்துப் பார்த்தேன், இரண்டு கைகளும் ஒரே மட்டத்தில் நின்றன. மலிவான பார்களில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், அதை மாட்டினால் வண்டி நிற்கும்போதே முறுக்கத்தோடு நிற்கும். இதில் அந்தக் கோளாறு இல்லை. இதைச் செய்தவர் வேலை தெரிந்தவர்.

போல்ட்டுப் பையைப் போட்டவர் வேறு யாரோ. போல்ட்டின் தலையில் ஒரு கோடும் இல்லை. இன்ச் போல்ட்டுகளில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8, மொட்டையாக இருந்தால் கதவுக்கொண்டி மாட்டத்தான் லாயக்கு. சஸ்பென்ஷனைப் பிடிக்கும் இடத்தில் மொட்டைத் தலை போல்ட் போடச் சொல்வது எனக்குப் புரியவில்லை. தெருமுனைக் கடையில் கிரேடு 8, அதே யுஎன்எஃப் (நுண் இன்ச்) மரையில், சில்லறைக் காசுக்குக் கிடைத்தது. கிட் போட்டவர்கள் அந்தச் சில்லறையைத்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் லேலண்ட் பரம்பரை போல.

வேலை கஷ்டமில்லை. கையில் கருவிகள் இருந்தால் ஒரு சனிக்கிழமைப் பகல் போதும், பாதி நேரம் சுத்தம் செய்யத்தான் போகும். வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில். இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு சக்கரம் மேலேயும் இன்னொன்று கீழேயும் தொங்கினால் கடைசி லிங்க் போல்ட் துளைக்கு நேராக வராது. அப்போது கடப்பாரையைப் போட்டு நெம்பத் தோன்றும், நெம்பாதீர்கள். இரண்டு சக்கரத்தையும் சமமாக்கினால் போல்ட் விரலாலேயே உள்ளே போகும்.

என் வண்டியில் சேசிஸ் ரெயிலுக்கு அடியில் துளைகள் இருந்தன. பார் இல்லாமல் விற்றாலும் துளையை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். அதற்குள் ஐம்பது வருடத்து எண்ணெயும் மண்ணும் கெட்டியாகிக் கல்லாகியிருந்தது. கம்பித் தூரிகை, ஊடுருவும் எண்ணெய், அப்புறம் பொறுமையாக டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு மரையைச் சுத்தம் செய்தேன். டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்றுதான் விட வேண்டும். உள்ளே உடைந்தால் வேலை வாரக்கணக்கில் நீளும். விஷ்போன் கையில் லிங்க்குக்கு இடம் இருக்கிறதா என்பதையும் ஆர்டர் போடும் முன்பே படுத்துப் பார்த்துவிடுங்கள். ஐம்பது வருடத்தில் எந்தக் கை எந்த வண்டியிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

புஷ் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகச் சொல்வேன். பல கிட்கள் கெட்ட பெயர் வாங்குவது இங்கேதான். பட்டையை முழுக்க இறுக்கியதும் பார் அசையவே இல்லை, கையால் திருப்பினால் திரும்பவில்லை. லிங்க் மாட்டாத நிலையில் பார் புஷ்ஷுக்குள் கையால் சுழல வேண்டும். சுழலாவிட்டால் நேர் ரோட்டில் ஒவ்வொரு மேட்டுக்கும் அது இரண்டாவது ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். வண்டி குதிக்கும், ஸ்வே பார் போட்டால் இப்படித்தான் என்று பழியைப் பார் மேல் போடுவார்கள். காரணம் கண்ணுக்குத் தெரிந்தது: பவுடர் கோட்டிங்கின் சொரசொரப்பும், புஷ்ஷின் உயரம் மயிரிழை அதிகமாக இருந்ததும். புஷ் உட்காரும் இடத்தில் மட்டும் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து வழவழப்பாக்கினேன். பட்டைக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்று. பிறகு கிரீஸ். கிட்டோடு வந்த பொட்டலம் ஒரு புஷ்ஷுக்குத்தான் காணும், சிலிகான் கிரீஸ் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். இதையெல்லாம் செய்ததும் பார் தன் எடையில் தானே கீழே இறங்கியது. வழிமுறைத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. "பட்டைகளை இறுக்கவும்" என்று இருந்தது, அவ்வளவுதான்.

ஸ்டாப்களை மறந்துவிடாதீர்கள். சின்னப் பொருள், பையின் மூலையில் கிடக்கும். அது இல்லாவிட்டால் பார் நாளடைவில் ஒரு பக்கமாக நகர்ந்து லிங்க் கோணலாக நிற்கும். எல்லாம் மாட்டிய பின் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பி, டயர் பாரில் உரசுகிறதா என்று பாருங்கள். என் வண்டியில் உரசவில்லை. அகலமான டயர் போட்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். கடைசி இறுக்கத்தை, வண்டி தன் சக்கரத்தில் தரையில் நிற்கும்போது செய்யுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள்.

இனி ஓட்டம். ஃப்ரீமான்ட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, 84-ஆம் சாலையை மட்டும் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். நைல்ஸ் கேன்யனில் ஓடையோரமாக வளைந்து வளைந்து போகும். டம்பார்ட்டன் பாலத்தில் நேராக நீளும், பக்கக் காற்றும் அடிக்கும். வுட்சைடு தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகளாக மலை மேல் ஓடும் ஸ்கைலைன் சாலை வரை ஏறும். கேன்யனின் முதல் திருப்பத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு திரும்பியது. நடுவில் அந்த யோசனை இல்லை. சாய்வு முழுக்கப் போய்விடவில்லை, போகவும் கூடாது, டயர் எப்போது பிடியை விடப் போகிறது என்று சாய்வுதான் சொல்லும். ஆனால் சாய்வது ஒரே முறை சாய்ந்து அங்கேயே நிற்கிறது. இடமும் வலமுமாக அடுத்தடுத்து வரும் வளைவில் இதன் அருமை புரியும். முன்பெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்ததிலிருந்து எழுந்து மறுபக்கம் விழுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். உடல் சாய்வது குறைந்ததால் பின் ஆக்சிலின் அந்தத் தன்னிச்சையும் குறைந்துவிட்டது. காசு கொடுத்தது இதற்காகத்தான் என்று சொல்வேன்.

என் மனைவிக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் அக்கறை இல்லை. மலையேறி முடித்ததும், "பரவாயில்லையே, இன்னைக்கு நான் உங்க தோள்ல வந்து விழல" என்றாள். பிறகு, "ஆனா ரோடு மோசமா இருந்தா தலை ஆடுதே" என்றும் சொன்னாள். இரண்டுமே சரியான கவனிப்பு.

அந்தத் தலையாட்டம்தான் நான் முன்னே சொன்ன "பெரும்பாலும்". ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் பார் அந்த அடியை மறுபக்கத்துக்கும் கொண்டுபோகும். 880 நெடுஞ்சாலையின் வலது ஓர லாரித் தடத்தில் ஓட்டினால் வண்டி இடமும் வலமுமாகத் தலையசைத்துக்கொண்டே வரும். முன்பு இது இவ்வளவு இல்லை. தினமும் அந்த ரோட்டில் வேலைக்குப் போகும் வண்டி என்றால் 3/4 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். அதிலேயே கிடைக்க வேண்டியதில் பெரும்பங்கு கிடைத்துவிடும்.

இன்னொரு விலையும் உண்டு. முன் பார் விறைப்பாக இருந்தால் வளைவில் வெளிப்பக்க முன் டயரின் மேல் சுமை கூடும். ஒரு எல்லைக்கு மேல் அவசரப்பட்டால் மூக்கு வெளியே தள்ளும். ஸ்கைலைனுக்கு ஏறும் இறுக்கமான வளைவுகளில் இதை லேசாக உணர்ந்தேன். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் சரியாகிவிடுகிறது, பயமுறுத்தவில்லை. பின்பக்கம் வழுக்குவதைவிட முன்பக்கம் தள்ளுவது சாதாரண ஓட்டுநருக்குப் பாதுகாப்பு. அதைச் சரிசெய்யப் பின் பாரும் போடு என்று கடையின் பக்கத்திலேயே பரிந்துரை வந்து நிற்கும். நான் போடவில்லை. பின்னால் விறைப்பைக் கூட்டினால் உள்பக்கச் சக்கரம் லேசாகி வழுக்கும், பின்பக்கம் மறுபடி தன் இஷ்டத்துக்குப் போக ஆரம்பிக்கும். எதற்காக இவ்வளவு செய்தோமோ அதுவே கெட்டுவிடும். 1977-ல் பின் பார் வைத்தவர்கள் சஸ்பென்ஷனையும் சேர்த்துத் திருத்தித்தான் வைத்தார்கள்.

யார் வாங்க வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். விஷ்போனின் உள் புஷ் தேய்ந்து ஆடுகிற வண்டி, லீவர் ஷாக்கில் (கை வைத்த பழைய ஷாக் அப்சார்பர்) எண்ணெய் ஒழுகுகிற வண்டி, பத்து வருடப் பழைய டயரில் ஓடுகிற வண்டி என்றால் இந்தக் காசை முதலில் அங்கே போடுங்கள். எம்ஜிபியில் முன் ஷாக்கின் கைதான் மேல் விஷ்போனாகவும் வேலை செய்கிறது. அது தேய்ந்திருந்தால் எந்த பாரும் காப்பாற்றாது. என் தெருவில் 1967 குரோம் பம்பர் எம்ஜிபி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், என் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார், ஆனால் தன் வண்டியில் மாட்ட மாட்டேன் என்றார். அவருடையது தாழ்வான வண்டி, ஒரிஜினல் பாரே அதற்குப் போதும். அவர் சொல்வது சரி.

லிங்க் ஆர்டர் போடுகிறவர்களுக்கு ஒரு கடைசி விஷயம். இடது வேறு, வலது வேறு. எனக்கு முதலில் வந்த பெட்டியில் இரண்டுமே இடது. மாற்றித் தருவதற்குக் கடை முகம் சுளிக்கவில்லை, அனுப்பும் செலவையும் அவர்களே ஏற்றார்கள், ஆனால் வண்டி அதுவரை ஸ்டாண்டின் மேலேயே நின்றது. பெட்டி வந்ததும் வண்டியைத் தூக்கும் முன் திறந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.